சிலம்பப் படங்களை இணையத்தில் பகிர விரும்பும் 14 வயது மகள்: எப்படி வழிகாட்டுவது?

கேள்வி: திருச்சி அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆறு ஆண்டுகளாகச் சிலம்பம் பயில்கிறாள். சென்ற வாரம் ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிவந்தவள், உடன் பயிலும் பிள்ளைகளைப் போலத் தானும் இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கிப் படங்களைப் போடலாமா என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் என் மாமியார், "பொம்பளப் பிள்ளை படம் ஊருக்கெல்லாம் எதுக்கு?" என்றார். பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று கணவரும் பேச்சை முடித்துவிட்டார்.

அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. இரண்டு மாதங்களுக்கு முன், மகளின் தோழி ஒருத்தியின் சித்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்த குடும்பப் படத்திலிருந்து அந்தப் பிள்ளையின் முகத்தை மட்டும் யாரோ வெட்டியெடுத்து, வேறோர் உடலோடு ஒட்டி, பையன்களின் குழு ஒன்றில் பரப்பிவிட்டார்கள். அவள் பல நாள் பள்ளிக்கு வரவில்லை. செய்தது யார் என்று கேட்டவர்களைவிட, அந்தப் பெண் எதற்காகப் படம் எடுத்துக்கொண்டாள் என்று கேட்டவர்களே எங்கள் தெருவில் அதிகம். அன்றே என் மகள் தன் முகப்புப் படத்தை நீக்கிவிட்டு ஒரு சூரியகாந்திப் பூவை வைத்துக்கொண்டாள். இப்போது அவளாகவே மீண்டும் கேட்கும்போது, வேண்டாம் என்று ஒரே சொல்லில் மறுத்து அவளை அந்தப் பூவுக்குப் பின்னாலேயே நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. கோப்பையோடு நின்று எடுத்த படத்தை என்னிடம் காட்டுவதற்கு முன்பே ஃபில்டர் போட்டு முகத்தை வெளுப்பாக்கியிருந்தாள். வெயிலில் ஆடிக் கறுத்த அந்த முகம் எனக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. எதை அனுமதிக்கலாம், எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கணினி ஆசிரியை

அம்மா, நீங்கள் மறுத்தாலும் அவள் கணக்குத் தொடங்கக்கூடும். அப்போது அது உங்களுக்குத் தெரியாத கணக்காக இருக்கும். பதினைந்து ஆண்டுகளாக மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். வீட்டுக்குத் தெரியாமல் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகள்தாம் சிக்கல் வரும்போது தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே தொடங்கிக் கொடுங்கள்.

பிறந்த ஆண்டை உண்மையாகக் கொடுப்பது முதல் வேலை. 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கென்று தனிக் கட்டுப்பாடுகள் கொண்ட கணக்கை இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிமுகப்படுத்தியது. 2025 பிப்ரவரியில் இந்தியாவிலும் தொடங்கியது. அந்தக் கணக்கு தொடக்கத்திலிருந்தே பூட்டப்பட்டிருக்கும். அவள் ஏற்றுக்கொண்டவர்களே படங்களைப் பார்க்க முடியும், அறிமுகமில்லாதவர் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்கு உட்பட்டவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். வயதைக் கூட்டிப் போட்டால் இவை அனைத்தும் போய்விடும் என்பது தெரியாமல், என் வகுப்பிலேயே பலர் 18 என்று போட்டிருந்தார்கள்.

அமைப்புகளைவிட நான் பெரிதாக நினைப்பது, படத்தைப் படிக்கக் கற்பது. ஆண்டுதோறும் ஒரு வகுப்பில் ஒரு படத்தைத் திரையில் போட்டு, முன்பின் தெரியாத ஒருவர் இதிலிருந்து என்னென்ன தெரிந்துகொள்ளலாம் என்று கேட்பேன். சைக்கிள் நிறுத்தத்தில் இரண்டு மாணவிகள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் அது. என் தங்கை மகளும் அவள் தோழியும், இருவரிடமும் அனுமதி பெற்றே பயன்படுத்துகிறேன். முதலில் எல்லோரும் ஒன்றுமில்லை என்பார்கள். பிறகு ஒருத்தி சட்டைப்பையில் உள்ள பள்ளிச் சின்னத்தைக் காண்பாள். பின்னால் டியூஷன் சென்டரின் பலகையில் தெருப்பெயர் இருக்கும்; சுவர்க் கடிகாரம் 5.40 காட்டும், சைக்கிள் கூடையில் கிடக்கும் நோட்டின் அட்டையில் பெயரும் வகுப்பும் இருக்கும். ஒரு சிறுமி எந்த நேரத்தில் எந்தத் தெருவில் இருப்பாள் என்பது முழுவதும் அந்த ஒரே படத்தில் கிடைத்துவிடும். யாரையும் திட்டாமல், யாரையும் பயமுறுத்தாமல், பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும் அந்த அரை மணி நேரம் பத்து அறிவுரைகளுக்குச் சமம். உங்கள் மகளின் கோப்பைப் படத்தையும் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். சான்றிதழில் பிறந்த தேதி தெரிகிறதா, சட்டையில் பயிற்சிக்கூடத்தின் முகவரி இருக்கிறதா என்று அவளே தேடட்டும். போட்டி நடக்கும் இடத்திலிருந்தே போடாமல் வீடு திரும்பிய பின் போடுவது நல்ல வழக்கம். தேர்வு நாள்களில் நுழைவுச் சீட்டைப் படமெடுத்துப் போடுகிறார்கள். பதிவெண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் அவளுடைய மதிப்பெண்ணை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம்.

ஒரு முறை மட்டும் திறக்கும்படி அனுப்பினால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். இன்னொரு கைப்பேசியால் திரையைப் படமெடுக்க யாராலும் முடியும் என்பதால் அந்த வசதியை நம்பி எதையும் அனுப்பக் கூடாது. கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்த விவரம் நீங்கிவிடுகிறது, ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகிறது.

பதில் 2: ஒரு மகனின் தந்தை, மதுரை

இங்கே எல்லோரும் பெண் பிள்ளைகளைப் பற்றியே பேசுவதால் இதை எழுதுகிறேன். எனக்கு 16 வயதில் மகன் இருக்கிறான். ஒரு பெண்ணின் பெயரில் வந்த கணக்கை ஏற்றுக்கொண்டு, மூன்று வாரம் பேசிப் பழகி, அந்தப் பக்கத்திலிருந்து வந்த படத்தை நம்பி இவனும் தன் படம் ஒன்றை அனுப்பிவிட்டான். அடுத்த பத்து நிமிடத்தில், இவனைப் பின்தொடர்பவர்களின் பட்டியலை அப்படியே படமெடுத்து அனுப்பி, 5,000 ரூபாய் தராவிட்டால் இவர்கள் அனைவருக்கும் உன் படம் போகும் என்று செய்தி வந்திருக்கிறது. பாட்டி கொடுத்த பணத்திலிருந்து 2,000 ரூபாய் அனுப்பியிருக்கிறான். பணம் போனதும் கேட்ட தொகை இரட்டிப்பானது.

எனக்குத் தெரிந்தது நான்காம் நாள். சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். மேசையில் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசி விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. அதை எடுத்துப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம் கையை ஓங்கியதுதான். என் மனைவி இடையில் வந்து தடுத்தார். அவன் அழவில்லை, "நீங்க இப்படித்தான் செய்வீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்லலப்பா" என்றான். அந்த நான்கு நாளும் அவனை வாய் திறக்கவிடாமல் செய்தது மிரட்டியவன் மட்டுமில்லை, நானும்தான் என்பது அப்போது உறைத்தது.

பிறகு செய்தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பணம் அனுப்புவதை நிறுத்தினோம். பதில் அனுப்பவில்லை, உரையாடலை அழிக்கவும் இல்லை. மிரட்டல் செய்திகள், கணக்கின் பெயர், இணைப்பு, பணம் போன யூபிஐ விவரம் ஆகியவற்றைச் சேமித்துக்கொண்டோம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்தோம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்தோம். கணக்கைப் பற்றி இன்ஸ்டாகிராமுக்கும் புகார் அளித்துவிட்டு, அதன் பின்னரே தடுத்தோம். அன்றிரவே மகன் தன் நெருங்கிய நண்பர்கள் மூவரை அழைத்து, "என் பேர்ல ஏதாவது வந்தா திறக்காம அழிச்சிட்டு எனக்குச் சொல்லுங்க" என்று தானே சொன்னான். மிரட்டலின் பலம் அத்தோடு பாதி போய்விட்டது. அந்தப் படம் வெளியே வந்ததாக இதுவரை தெரியவில்லை.

18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட இத்தகைய அந்தரங்கப் படங்களுக்காக அமெரிக்காவில் உள்ள குழந்தைகள் நல மையம் ஒன்று 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. படம் கைப்பேசியைவிட்டு வெளியே போவதில்லை. அதன் எண்வடிவ அடையாளம் மட்டும் உருவாகி, இந்தச் சேவையில் சேர்ந்துள்ள தளங்களுக்குச் செல்கிறது, அதே படம் அங்கே ஏறினால் கண்டுபிடித்து நீக்குகிறார்கள். எல்லாத் தளங்களும் அதில் சேரவில்லை என்றாலும் பெரிய தளங்கள் பல இருக்கின்றன.

பதில் 3: வழக்கறிஞர்

சகோதரி, உங்கள் மகளின் தோழி வீட்டாருக்கு இதைச் சொல்லுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 18 வயது நிறையாத எவரையும், ஆண் பெண் வேறுபாடின்றிக் குழந்தை என்றே கொள்கிறது. 2019இல் வந்த திருத்தம், கணினியில் உருவாக்கியும் மாற்றியும் ஒரு குழந்தையைக் காட்டுவதாகச் செய்யப்படும் ஆபாசப் படங்களையும் அதன் வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆகவே ஒட்டுப் படம்தானே, உண்மையில்லையே என்று எவரும் தப்பிக்க முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி, இத்தகைய படத்தைப் பரப்பியவருக்கு முதல் முறையிலேயே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

புகார் கொடுத்தால் பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு அலையவிடுவார்களே என்பதுதான் பெற்றோரின் பெரிய தயக்கம். போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே செய்ய வேண்டும், சீருடையில் வரக் கூடாது என்று சொல்கிறது. பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்கலாம். குழந்தையின் பெயரும் படமும் வெளிவராமல் காப்பது காவல்துறையின் கடமை. சைபர் குற்றத் தளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. அந்தப் படத்தைச் சான்றாகக் காட்டுவதற்காகக்கூட எவருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம். ஆசிரியருக்கு அனுப்பினேன், தலைமையாசிரியருக்கு அனுப்பினேன் என்று நல்லெண்ணத்தில் செய்வதும் பரப்பியதாகிவிடும். குழுவின் பெயர், அனுப்பியவரின் எண், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். இத்தகைய படத்தை வெறுமனே பதிவிறக்கி வைத்திருப்பது குற்றமாகாது என்று ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதை, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. அந்தக் குழுவில் இருந்த பையன்களின் பெற்றோருக்கும் இது தெரிய வேண்டும்.

பதில் 4: கல்லூரி மாணவி, நெல்லை

அக்கா, எனக்கு 19 வயது. உங்கள் மகளின் இடத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான் இருந்தேன். என் மஞ்சள் நீராட்டு விழாவின் படங்கள் அனைத்தையும் என் அத்தை பேஸ்புக்கில் போட்டார், அதுவும் யாரும் பார்க்கும்படி. பட்டுப் புடவையும் மாலையுமாக நான் உட்கார்ந்திருந்த படத்தை வகுப்பில் ஒருவன் காட்டிச் சிரித்தபோது தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதே வீட்டில்தான் நான் ஒரு செல்ஃபி எடுத்தால் கேள்வி கேட்டார்கள். என் படத்தை எல்லோரும் போடலாம், நான் மட்டும் போடக் கூடாது என்றால் என்ன நியாயம் என்று அன்று எனக்குப் புரியவேயில்லை.

கணக்குத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் வீட்டில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதற்கு முன் நீங்களும் அவளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வீட்டில் வேண்டாம் என்று சொல்லி, அது மதிக்கப்பட்டதைக் கண்டு வளரும் பெண்ணுக்கு, வெளியே ஒருவன் படம் கேட்கும்போதும் அந்தச் சொல் தொண்டையில் சிக்காது.

ஃபில்டர் விஷயத்தில் அறிவுரை சொல்ல வேண்டாம், அக்கா. நானும் முகத்தை வெளுத்துக்கொண்டவள்தான். அழகைப் பற்றி அம்மா சொன்னது எதுவும் அப்போது காதில் ஏறவில்லை. நின்று சிரிக்கும் படங்களோடு, அவள் கம்பு சுற்றும்போது எடுத்த படங்களையும் அவளிடம் காட்டுங்கள். முகம் எந்த நிறம் என்பதைவிடக் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, மணிக்கட்டு எப்படித் திரும்பியிருக்கிறது என்று அவளே பார்க்கத் தொடங்குவாள்.

திருச்சி அம்மா

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. மதுரைச் சகோதரர் எழுதியதை என் கணவரிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மகளை அழைத்து, "என்ன நடந்தாலும் முதல்ல எங்ககிட்ட வா, திட்ட மாட்டேன்" என்றார். அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நேற்று மாலை அவளுடைய உண்மையான பிறந்த ஆண்டைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கினோம். பூட்டிய கணக்குத்தான். கோப்பைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சான்றிதழில் பிறந்த தேதி இருப்பதை எனக்கு முன் அவளே கண்டுபிடித்தாள். அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டாள். மாஸ்டர் எடுத்திருந்த வேறொரு படத்தைப் போட்டாள். கம்பு தலைக்கு மேலே சுழல்கிறது, நெற்றியெல்லாம் வியர்வை, ஃபில்டர் இல்லை. என் மாமியார் கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து பார்த்துவிட்டு, "இதை எனக்கும் அனுப்பு, என் தங்கச்சிக்குக் காட்டணும்" என்றார். அனுப்பலாமா என்று மகளிடம் கேட்டேன். சரி என்று சொன்ன பிறகே அனுப்பினேன்.

தோழியின் அம்மாவிடம் வழக்கறிஞர் எழுதியதைச் சொன்னேன். வாக்குமூலம் வாங்க வீட்டுக்கே வருவார்கள், சீருடையில் வர மாட்டார்கள் என்றதும், திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். சனிக்கிழமை புகார் பதியப் போகிறோம். நானும் உடன் செல்கிறேன்.