60,000 ரூபாயில் எடிட்டிங் கணினி: கிராஃபிக்ஸ் கார்டு இப்போதே வேண்டுமா?

வைகைக்கரை:
மதுரையில் திருமண வீடியோ தொழில் செய்கிறேன். எடிட்டிங்கிற்கும், மண்டபத்திலிருந்து முகூர்த்தத்தை யூடியூபில் நேரலையாக அனுப்புவதற்கும் சேர்த்து ஒரே டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய வேண்டும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் இருக்கின்றன. கேபினட்டுக்குள் அடங்குபவற்றுக்கு மட்டும் 60,000 ரூபாய். ரைசன் 5 5600 பிராசஸரும், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டும், 16 ஜிபி ராமும் போதும் என்கிறார் கடைக்காரர். கார்டே வாங்காமல் இன்டெல் ஐ5 12400 எடுத்து, மிச்சப் பணத்தை ராமிலும் எஸ்எஸ்டியிலும் போடச் சொல்கிறார் நண்பர். இருவர் பேச்சையும் கேட்டுக் குழம்பிப் போயிருக்கிறேன்.

இரவுப்பணி:
கடைக்காரர் சொன்னதுதான் சரி. கார்டு இல்லாத கணினியில் முழுநேரத் தொழிலாக எடிட்டிங் செய்வது உங்களை நீங்களே வதைத்துக்கொள்வதற்குச் சமம். கலர் திருத்தம், படத்தைப் பெரிதாக்குதல், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர்கள் எல்லாம் பிரீமியர் போன்ற எடிட்டிங் மென்பொருளில் கார்டின் உதவியால் ஓடுபவை. டாவின்சி ரிசால்வ் இன்னும் ஒரு படி மேல். கார்டில் நினைவகம் குறைந்தால், நிறைந்துவிட்டது என்று அறிவித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, உங்கள் ராமில்தான் பங்கு கேட்கும். நேரலைக்கும் 3050இல் உள்ள என்வென்க் என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் வன்பொருள்) தனிப் பகுதியாக இயங்குவதால் பிராசஸருக்குச் சுமை ஏறாது. அந்த 6 ஜிபி மாடல் 70 வாட்டுக்குள் அடங்குவதால் தனி மின்கேபிள்கூடத் தேவைப்படாது.

கடையில் விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைக் காட்டினால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். 2022இல் வந்த அந்தக் கார்டில் வீடியோ என்கோடரே கிடையாது. விளையாடுபவருக்கு ஆகலாம், நேரலைக்காரருக்கு ஆகாது.

செம்புக்கம்பி:
நான் கணினி பழுதுபார்ப்பவன். எடிட்டர்கள் கொண்டுவரும் பெட்டிகளைத் தினமும் திறந்து பார்க்கிறேன். இரவுப்பணி அவர்கள் சொன்னதில் தவறில்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்கவில்லை. வைகைக்கரை அவர்களே, உங்கள் கேமரா எது, எந்த வடிவத்தில் பதிவு செய்கிறீர்கள்? டைம்லைன் திக்குவது பெரும்பாலும் எஃபெக்ட் போடும்போது அல்ல, கோப்பை விரித்துப் படிக்கும்போதுதான்.

வைகைக்கரை:
சொந்தமாக சோனி இசட்வி-இ10 வைத்திருக்கிறேன். பெரிய ஆர்டர் வந்தால் ஏ7 மார்க் 4 வாடகைக்கு எடுப்பேன். அதில் எக்ஸ்ஏவிசி எஸ் என்ற சோனி வடிவம், 4கே, நொடிக்கு 25 பிரேம், 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாகப் பதியும் முறை) என்று வைத்துக்கொள்வது வழக்கம். எடிட்டிங் பிரீமியரில்.

செம்புக்கம்பி:
அப்படியானால் என் ஓட்டு 12400க்கே. இசட்வி-இ10 தரும் 8 பிட் 4:2:0 கோப்பை எந்தக் கார்டும் சிரமமின்றிப் படித்துவிடும். 10 பிட் 4:2:2 அப்படியல்ல. என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் அதை முதன்முதலாக வன்பொருளில் விரிக்கிறது. உங்களுக்குக் காட்டப்பட்ட 3050 அந்த வேலையை பிராசஸர் தலையில் கட்டிவிடும். இன்டெல் பிராசஸரின் உள்கிராஃபிக்ஸில் இருக்கும் வீடியோ பகுதியான குயிக் சிங்க், 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களிலிருந்தே 4:2:2ஐப் படிக்கிறது. ஆனால் 12400எஃப் வாங்கிவிடாதீர்கள். எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸும் இல்லை, குயிக் சிங்க்கும் இல்லை. சில ஆயிரம் மிச்சம் என்று அதை வாங்கிவிட்டு, திரையில் படமே வரவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

இரவுப்பணி:
பழுதுபார்ப்பவர் பாதி தூரம் வந்து நின்றுவிட்டார். 12400இன் குயிக் சிங்க் படிப்பது எச்.265 என்ற சுருக்க முறையில் உள்ள 4:2:2ஐ மட்டுமே. சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ் என்றால் அதற்கு முந்தைய எச்.264 முறை; அதன் 10 பிட் 4:2:2ஐ 12400ஆலும் வன்பொருளில் விரிக்க முடியாது. வைகைக்கரை இன்று எடுக்கும் அதே கோப்பை வைத்துப் பார்த்தால் இருவர் சொன்ன பெட்டியும் ஒரே மாதிரிதான் திணறும். அப்படித் திணறுவதுதான் திணறப்போகிறது, கார்டாவது இருக்கட்டுமே!

செம்புக்கம்பி:
ஒப்புக்கொள்கிறேன், எஸ் என்பதை நான் கவனிக்கத் தவறினேன். ஆனால் கேமரா மெனுவில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்று மாற்றினால் அது எச்.265 ஆகிவிடும், குயிக் சிங்க் படித்துவிடும். செலவில்லாத தீர்வுதானே?

இரவுப்பணி:
செலவு வேறு இடத்தில் வரும். நம் ஊர் டிவி தரமான பால் (PAL) முறையில் அந்தக் கேமராவின் 4கே எச்எஸ்ஸில் 25 பிரேம் கிடையாது, 50 மட்டுமே. 4கே 50 என்றால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். மணமேடைக்கு முன்னால் உறவினர் கூட்டத்துக்கு நடுவே நின்று, பின்னால் நகர இடமில்லாத நிலையில், அகலம் குறைந்தால் என்ன ஆகும் என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும். அமெரிக்க டிவி தரமான என்டிஎஸ்சிக்கு மாற்றி 24 பிரேமில் எடுக்கலாம், ஆனால் இன்னொரு கேமராவில் 25 ஓடினால் இரண்டையும் டைம்லைனில் பொருத்துவது தனித் தலைவலி. பிராக்ஸி, அதாவது கோப்பின் இலகுவான நகல், உருவாக்கி எடிட் செய்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும், அதற்கு எந்தப் பெட்டியும் போதும்.

செம்புக்கம்பி:
எந்தப் பெட்டியும் போதும் என்று நீங்களே சொன்ன பிறகு, கார்டை இன்றே வாங்க வேண்டும் என்பதற்கு என்ன காரணம் மிஞ்சுகிறது? நிறம் மங்கலாகப் பதியும் லாக் முறையில் எடுத்துப் பிறகு நிறம் ஏற்றுகிறவர் இல்லையென்றால், திருமணத்துக்கு 8 பிட் 4:2:0 தாராளம். வாடிக்கையாளர் வீட்டு டிவியில் பார்க்கப்போவதும் அதைத்தான். அந்தக் கோப்பு குயிக் சிங்க்கில் வழுக்கிக்கொண்டு ஓடும். அவருடைய நேரலையும் விளையாட்டு நேரலை அல்ல. இரண்டு கேமரா, கேப்சர் கார்டு, மூலையில் மணமக்கள் பெயர், அவ்வளவுதான். ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் குயிக் சிங்க் எச்.264 வைத்தால் போதும்.

நான் கார்டைவிட அதிகம் கவலைப்படுவது கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றி. கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பாருங்கள், காலி டப்பா போல எடையே இருக்காது. மேலே ஒட்டிய தாளில் மட்டும் 450 வாட் என்று இருக்கும். மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகள், பெரும்பாலும் தாலி கட்டும் நேரமாகத்தான் வந்து தொலைக்கும். யுபிஎஸ்ஸுக்குப் பணம் ஒதுக்காமல் கார்டுக்கு ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரவுப்பணி:
யுபிஎஸ் கேபினட்டுக்கு வெளியே இருப்பது, அதை இந்த 60,000இல் சேர்ப்பது நியாயமில்லை. இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. என் கவலை வேறு: ஒரு வருடம் கழித்து அவர் ரிசால்வுக்கு மாற விரும்பினாலோ, இருட்டு மண்டபத்துக் காட்சிகளில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் நாய்ஸைக் குறைக்க நினைத்தாலோ, அன்று கார்டு இல்லாமல் ஓர் இரவுக்கு ஓர் ஆர்டர்கூட வெளியே போகாது.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. நேற்று நண்பரின் 12400 கணினியில் என் மூன்று கிளிப்களைப் பிரீமியரில் ஓட்டி, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பக்கத்தில் வீடியோ டிகோட் கோட்டைக் கவனித்தேன். வழக்கமான 10 பிட் எக்ஸ்ஏவிசி எஸ் கிளிப்புக்கு அந்தக் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது, சிபியு 100ஐத் தொட்டது. எச்எஸ் கிளிப்புக்குக் கோடு எழுந்தது, சிபியு அடங்கியது. இசட்வி-இ10 கிளிப்புக்கும் அப்படியே. இரவுப்பணி சொன்னதும் நடந்தது, செம்புக்கம்பி சொன்னதும் நடந்தது.

எஃப் இல்லாத 12400, இரண்டு 16 ஜிபி ராம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பின்னாளில் கார்டு போட இடம் கொடுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் என்று எடுக்கிறேன். லாக்கில் எடுக்கச் சொல்லும் ஆர்டருக்கு மட்டும் 10 பிட்டும் பிராக்ஸியும். மற்றவை 8 பிட். தை, மாசி முகூர்த்தப் பணம் கைக்கு வந்ததும் கார்டு.

இரவுப்பணி:
அப்படியென்றால் கேபினட்டில் கார்டின் நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே அளந்து வாங்குங்கள். மாசியில் நான் மறுபடி வந்து கேட்பேன்.

செம்புக்கம்பி:
வரட்டும். அதற்குள் அவர் யுபிஎஸ் வாங்கிவிட்டாரா என்று நானும் கேட்பேன்.