மறு: மறு: மூல அறுவைச் சொற்கள் (வியாழன் அச்சு)

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடக்கும் முகாமுக்கான மூலநோய்த் துண்டறிக்கை வியாழக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். நான்கு நாளாக 'மூலம்' வடசொல்லா என்பதிலேயே நிற்கிறோம்.

> 'முளை'யிலிருந்து வந்ததே 'மூலம்'. முளைநோய் என்றே எழுதலாம்.

ஐயா, மூலமுளை என்று சித்த மருத்துவத்தில் வழங்குவது உண்மைதான். ஆனால் செம்பனைக் குலை வெட்டுகிறவர் 'முளைநோய்' என்று பார்த்தால் மூளைக் கோளாறு என்றே படிப்பார். மூலம் இருக்கட்டும்.

எனக்குக் கவலை அடுத்த சொல்தான். முற்றிய மூலத்துக்கான இரண்டு அறுவையையும் வரைவில் 'மூலம் வெட்டுதல்' என்றே எழுதியிருக்கிறோம். 1937-இல் லண்டனில் மில்லிகனும் மார்கனும் விவரித்த முறையில்தான் முளையை வெட்டி எடுத்து, புண்ணைத் தைக்காமல் ஆறவிடுகிறார்கள். வலி கடுமை, ஆற வாரக்கணக்காகும். 1998-இல் இத்தாலியின் லோங்கோ அறிமுகப்படுத்திய ஸ்டேப்ளர் முறை வேறு. முளைக்கு மேலே சளிப்படலத்தில் ஒரு வளையத்தை எடுத்துவிட்டு விளிம்புகளை ஸ்டேப்ளர் ஊசிகளால் சேர்க்கிறார்கள். தொங்கிய சதை மேலே ஏறிக்கொள்கிறது. வலி உறைக்கும் இடத்துக்கு மேலே தையல் விழுவதால் வலி குறைவு. ஆனால் மறுபடி இறங்கும் வாய்ப்பு இதில்தான் அதிகம்.

ஸ்டேப்ளர் முறையில் அறுவை செய்துகொண்ட தோட்டத்து அண்ணன் ஒருவர் என்னிடம், "வெட்டி எடுத்தாச்சுன்னாங்களே மிஸ்ஸி, அப்புறம் ஏன் வருது?" என்று கேட்டார். முளையை எடுக்கவே இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் 'மூல நீக்கம்', 'மூல ஏற்றம்' என்று பிரித்தேன்.

> ஏற்றம் என்றால் நோய் ஏறியதுபோல் இருக்கிறது. 'மூலப்பிணிப்பு' நல்லது. 'கேட்டார்ப் பிணிக்கும்' என்று குறளிலேயே இருக்கிறதே.

ஏற்றம் பற்றி நீங்கள் சொன்னது சரி அக்கா, விட்டுவிடுகிறேன். ஆனால் பிணி என்றால் தோட்டத்து லயக் குடியிருப்பில் நோய்தான். கட்டுதல் என்று எடுத்துக்கொண்டாலும், தொடக்க நிலை மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டுகிறார்களே, அதோடு குழம்பும்.

> ஸ்டேப்ளர் ஊசிக்கு மலாயில் கோக்கோட். அது நம் கொக்கிதான்!

தம்பி, ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது. இதை வேறு இழையில் பேசுவோம்.

என் முடிவு: 'மூலத்தை வெட்டி எடுத்தல்', 'மூலத்தை ஏற்றித் தைத்தல்'. மூன்று பேர் சரி என்றிருக்கிறார்கள். இது தொடர், கலைச்சொல் ஆகாது என்கிறார் ஐயா. அதை மறுக்க எனக்கு இலக்கணம் இல்லை. புதன் இரவுக்குள் ஒற்றைச் சொல் வந்தால், அந்த அண்ணனிடம் படித்துக்காட்டிவிட்டு மாற்றுகிறேன்.