கல்யாண ஆல்பங்களை டிஸ்க்கில் பேக்கப் எடுக்க: எந்த டிரைவ், எந்த டிஸ்க் நம்பலாம்?

தேவகோட்டை ஸ்டுடியோ:

வணக்கம். தேவகோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு அக்கா வந்தார். 2011-ல் அவர் கல்யாணத்துக்கு நாங்கள்தான் படம் எடுத்தோம். அவருடைய அப்பா இப்போது இல்லை. அப்பா தாரை வார்த்துக் கொடுக்கும் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார். டிவிடி உறையோடு பத்திரமாகத்தான் இருந்தது. போட்டால் நிச்சயதார்த்தம், பெண் அழைப்பு ஃபோல்டர்கள் திறக்கின்றன. முகூர்த்தத்துக்குப் போனதும் டிரைவ் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

இனிமேல் ஒழுங்காகச் செய்ய நினைக்கிறேன். எடிட் முடித்த படங்கள், ஆல்பம் ஷீட், வீடியோ எல்லாம் சேர்த்து ஒரு கல்யாணம் 40 ஜிபி வரும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைக்கிறேன். மூன்றாவதாக டிஸ்க்கிலும் எழுதி வைக்க ஆசை. டிவிடியா, ப்ளூ-ரேயா? யுஎஸ்பியில் செருகும் ஸ்லிம் ரைட்டர் போதுமா? 16எக்ஸ் டிரைவ் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியுமா? எந்த கம்பெனி டிஸ்க் நல்லது?

கோவை நெட்வொர்க்:

ஜி, மூன்றாவது பிரதிக்கு கிளவுட் போதுமே. டிஸ்க் எழுதுற நேரத்துல இன்னொரு ஆல்பம் முடிச்சிடலாம்.

மதுரை சர்வீஸ்:

தம்பி, கம்பெனி பெயரைக் கடைசியில் பார்ப்போம். எழுதி முடித்த டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டு, முதல் பைட்டிலிருந்து கடைசி வரை படித்துப் பார்க்காதவரை அது பேக்கப்பே கிடையாது. எழுதிய டிரைவ் தன் கையெழுத்தை எப்படியும் படித்துவிடும். பத்து வருஷம் கழித்து அந்த டிரைவ் உங்களிடம் இருக்கப்போவதில்லை. வேறொன்றுதான் படிக்க வேண்டும். பழைய டிவிடி ரைட்டர் ஒன்று ஸ்டுடியோ மூலையில் கிடந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். டிவிடிகளைச் சோதிக்க அது போதும். ப்ளூ-ரேக்கு இன்னொரு ப்ளூ-ரே டிரைவ் வேண்டும்.

கோவை நண்பர் சொன்ன கிளவுட்டும் நல்லதுதான், நெட் வேகம் இருந்தால். ஆனால் டிஸ்க்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு: ஒரு முறை எழுதியதை எந்த வைரஸும் மாற்ற முடியாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால் செருகியிருக்கிற ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே ராத்திரியில் பூட்டிக்கொள்ளும். அலமாரியில் இருக்கிற டிஸ்க்கை அதனால் தொட முடியாது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 கணக்கைப் பரப்பிய பீட்டர் க்ரோ ஒரு போட்டோகிராபர். உங்கள் தொழில்காரர்தான்.

இப்போது டிரைவ். ஸ்லிம் ரைட்டர் யுஎஸ்பி கரண்டை மட்டும் நம்பி ஓடுகிறது. டிவிடிக்கு 8எக்ஸ், ப்ளூ-ரேக்கு 6எக்ஸ்தான் அதன் உச்சம். ஹப்பிலோ கேபினெட்டின் முன்பக்க போர்ட்டிலோ செருகினால் கரண்ட் பத்தாமல் பாதியில் நின்று டிஸ்க் வீணாவதை சர்வீஸில் நிறையப் பார்க்கிறேன். தினசரி வேலைக்கு கேபினெட்டுக்குள் பொருத்தும் ஐந்தேகால் இஞ்ச் சாட்டா டிரைவ்தான் சரி. உங்கள் கேபினெட்டில் அதற்கு இடம் இல்லையென்றால், தனி அடாப்டரோடு வரும் வெளிப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

வேகம். டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்குச் சுமார் 1.4 எம்பி, ப்ளூ-ரேயில் 4.5 எம்பி. பெட்டியில் 16எக்ஸ் என்று போட்டிருப்பது டிஸ்க்கின் வெளி ஓரத்தில் மட்டும் எட்டுகிற வேகம்; உள்ளே தொடங்கும்போது அதில் பாதிகூட இருக்காது. தவிர, கடையில் கிடைக்கிற பிடி-ஆர், அதாவது ஒரு முறை எழுதும் ப்ளூ-ரே டிஸ்க், பெரும்பாலும் 4எக்ஸ் அல்லது 6எக்ஸ். ஆகவே 16எக்ஸுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 6எக்ஸ் டிஸ்க்கை 4எக்ஸில் எழுதுங்கள். நொடிக்கு 18 எம்பி, 25 ஜிபி டிஸ்க் 23 நிமிஷத்தில் முடியும். அதற்காக 1எக்ஸுக்கு இறக்கிவிடவும் வேண்டாம். ஒவ்வொரு டிஸ்க் வகைக்கும் லேசரை எப்படி அடிக்க வேண்டும் என்ற குறிப்பு டிரைவுக்குள் பதிந்திருக்கும் புரோகிராமான ஃபர்ம்வேரில் இருக்கிறது. டிஸ்க்குக்குச் சொன்ன வேகத்தை ஒட்டித்தான் அதைச் சரிபார்த்திருப்பார்கள்.

உங்கள் 40 ஜிபிக்கு டிவிடி என்றால் பத்து வேண்டும். மாற்றி மாற்றிப் போட்டு, சரிபார்த்து முடிக்க இரண்டு மணி நேரம் ஓடிவிடும். பத்தில் ஒன்று கெட்டாலும் கல்யாணத்தில் ஒரு பகுதி போச்சு. 25 ஜிபி ப்ளூ-ரே இரண்டு போதும். 50 ஜிபி டிஸ்க்கில் இரண்டு அடுக்கு. லேசர் அடுக்கு மாறும் இடம் எனக்கு எப்போதும் சந்தேகம்தான், அதனால் ஒற்றை அடுக்கையே சொல்வேன். ஒவ்வொன்றிலும் 20 ஜிபி மட்டும் போடுங்கள். மிச்ச இடத்தில் மல்டிபார் புரோகிராமில் செய்த மீட்புக் கோப்புகளை பத்து சதவீத அளவுக்கு வையுங்கள். நாளைக்கு டிஸ்க்கில் கொஞ்சம் படிக்க முடியாமல் போனாலும் அதை வைத்துத் திரும்பக் கட்டிவிடலாம். கடைசி ஓரத்தில் எழுதாமல் விடுவதும் நல்லது. விரல் படுவது, டிஸ்க் லேசாக வளைந்தால் கெடுவது எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

டிஸ்க் வாங்கும்போது பெட்டியில் ‘எல்டிஎச்’ என்று இருந்தால் வேண்டாம். அதில் டிவிடி போலவே கரிமச் சாயம். வெயிலும் சூடும் ஆகாது. சாதாரண பிடி-ஆரில் கனிமப் பூச்சு, அதுதான் தாங்கும். எம்-டிஸ்க் என்று நீண்ட ஆயுளுக்காகவே விற்கும் ஒரு வகைக்கு ஆயிரம் வருஷம் என்று விளம்பரம். டிவிடியில் அதற்கு அர்த்தம் உண்டு, சாயத்துக்குப் பதில் கனிம அடுக்கு வருகிறது. எழுத அதற்கென்று ஆதரவுள்ள டிரைவ் வேண்டும். ப்ளூ-ரேயில் சாதாரண டிஸ்க்கே கனிமம் என்பதால், அந்தக் காசில் இரண்டாவது பிரதி எழுதுங்கள் என்பேன்.

கம்பெனி பெயரைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், மேலே அச்சிட்ட பெயரும் உள்ளே தயாரித்தவரும் வேறாக இருப்பார்கள். புது டிஸ்க்கை டிரைவில் போட்டு, இம்க்பர்ன் (ImgBurn) என்ற டிஸ்க் எழுதும் புரோகிராமைத் திறந்தால் வலப்பக்கப் பட்டியலில் டிஸ்க் ஐடி என்று ஒரு வரி வரும். டிவிடியில் எம்சிசி என்று தொடங்கினால் மிட்சுபிஷி வழி வந்தது, சிஎம்சி என்றால் தைவான் சிஎம்சி. வெர்பாட்டிம் பெயரே 2019-ல் சிஎம்சி கைக்குப் போய்விட்டது. தாயோ யூடென் 2015-ல் டிஸ்க் செய்வதை நிறுத்தியது, நம்ம ஊர் மோசர் பேயர் 2018-ல் கலைப்புக்குப் போனது, பானசோனிக் 2023-லும் சோனி 2025-லும் பதியும் ப்ளூ-ரேயை விட்டுவிட்டன. முதலில் பத்து டிஸ்க் வாங்கி, இரண்டை எழுதிச் சோதித்து, சரியாக இருந்தால் அதே ஐடியில் மொத்தமாக எடுத்துவிடுங்கள்.

சோதனை எப்படி என்றால், நீரோ டிஸ்க்ஸ்பீடு போன்ற சோதனை புரோகிராம் ஒன்றில் படிக்கும் வேகத்தின் கிராஃபைப் பாருங்கள். நல்ல டிஸ்க்கில் கோடு உள்ளிருந்து வெளியே வழுவழுவென்று ஏறும். நடுவில் திடீரென்று கீழே விழுந்து எழுந்தால், கோப்பு திறந்தாலும் அந்த டிஸ்க்கை ஒதுக்கிவிடுங்கள். டிரைவ் அங்கே தடுமாறி மறுபடி மறுபடி படித்திருக்கிறது.

தேவகோட்டை ஸ்டுடியோ:

அண்ணே, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. அந்தப் பழைய டிவிடியில் முகூர்த்தம் ஃபோல்டரை எடுக்க ஏதாவது வழி இருக்கிறதா? அந்த அக்காவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மதுரை சர்வீஸ்:

இருக்கிறது தம்பி, விண்டோஸில் மறுபடி மறுபடி திறந்து பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் ஒரே தடத்தில் தொடர்ச்சியாகத் தகவல் போகும், பிழை திருத்தம் ஈடு கட்டாது. பிறகு பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி, டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்புப் புரோகிராமை ஓட்டுங்கள். சுலபமாக வருவதை முதலில் அள்ளிவிட்டு, எந்தப் பகுதி வரவில்லை என்று ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்ளும். அதே மேப் கோப்போடு டிஸ்க்கை இன்னொரு டிரைவில் போட்டால் விட்ட இடங்களை மட்டும் தேடும். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பது சகஜம். அக்கம்பக்கத்துக் கடைகளில் பழைய டிரைவ் கிடைத்தால் எல்லாவற்றிலும் முயற்சி செய்யுங்கள். ராத்திரி முழுக்க ஓடினாலும் விடுங்கள்.

புதுச்சேரி நூலகம்:

கடலோரத்தில் வேலை செய்கிற அனுபவத்தில் ஒரு சேர்க்கை. பிளாஸ்டிக் பைகள் தைத்த ஆல்பத்தில் டிஸ்க்கைச் செருகி வைக்காதீர்கள், ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது. தனித்தனிக் கெட்டிப் பெட்டியில் நிறுத்தி வையுங்கள். ஸ்டிக்கர் லேபிள் ஒட்ட வேண்டாம், சுற்றும்போது எடை ஒரு பக்கம் இழுக்கும். பால்பாயின்ட் பேனாவும் வேண்டாம், குறிப்பாக சிடியில்: தகவல் அடுக்கு, நாம் பெயர் எழுதும் மேல்பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது.

கோவை நெட்வொர்க்:

ரான்சம்வேர் விஷயம் சரிதான், ஒத்துக்கிறேன். கம்பெனிகள் ஒவ்வொன்றா விலகும்போது டிரைவை இரண்டா வாங்கி ஒன்றைப் பெட்டியிலேயே வைக்கலாமா?

மதுரை சர்வீஸ்:

இரண்டு வாங்குங்கள், ஆனால் பெட்டியிலேயே வைக்காதீர்கள். ஒன்றில் எழுதி, மற்றொன்றில் படித்துச் சரிபாருங்கள். இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் இன்னும் நல்லது. வாரண்டி முடிவதற்குள் இரண்டும் ஓடிப் பழகியிருக்கும், பழுது இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.