கடைசி மூன்றைத் தவிர

கயல்: சித்தப்பா, நீங்கள் சொன்ன ‘செஷயர் கேட்’ ஆல்பத்தை முழுவதும் கேட்டுவிட்டேன். அமெரிக்க ராக் இசைக்குழுவான பிளிங்க்-182இன் 1999ஆம் ஆண்டுப் பாடல்களுக்குப் பழகிய காதுக்கு இந்த முதல் ஆல்பம் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. நடுவில் வரும் ஐந்தாறு பாடல்கள் ஒரே வேகத்தில் ஓடுவதால், எது எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை.

சித்தப்பா: அது உண்மைதான், கயல். 1995 பிப்ரவரியில் ஆல்பம் வெளியானபோது பாஸ் கிதார் வாசித்த மார்க் ஹாப்பஸுக்கு 22 வயது, கிதார் வாசித்துப் பாடிய டாம் டிலாங்குக்கு 19, டிரம்ஸ் வாசித்த ஸ்காட் ரேனருக்கு 16. சான் டியாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போய் மூன்றே நாளில் பதிவு செய்துவிட்டார்கள். ஆனாலும் முதல் பாடல் ‘கரோசல்’ தொடங்கும் விதத்தைக் கவனித்தாயா? பாஸ் கிதார் தனியாக மெட்டை எடுத்துக்கொடுக்க, பிறகு கிதாரும் டிரம்ஸும் பாய்ந்து வந்து சேர, பாடுபவர் வாய் திறப்பதற்குள் பாட்டு மனத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

அத்தை: எனக்கு ‘வேஸ்டிங் டைம்’ பிடித்தது. இத்தனை இரைச்சலிலும் மெட்டு தொலையவில்லை. ஆனால் தம்பி, கடைசி மூன்று பாடல்களும் கடைசி பெஞ்சுப் பையன்கள் அடிக்கும் கூத்தாக அல்லவா இருக்கின்றன! அவற்றை எதற்குச் சேர்த்தார்கள்?

சித்தப்பா: பாட்டுக்கு நடுவே கேலி பேசிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது அவர்களுடைய மேடை வழக்கம், அக்கா. நேரில் எடுபடும் வேடிக்கை ஒலிப்பதிவில் இரண்டாம் முறையே சலித்துவிடும். பதினாறு பாடல்களில் அந்த மூன்றையும் நீக்கியிருந்தால் ஆல்பம் இன்னும் கச்சிதமாக இருந்திருக்கும்.

கயல்: எனக்கு அதைவிட டாமின் குரல்தான் உறுத்துகிறது, உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் சுருதி நழுவுகிறது. ஆனால் ஒன்று: ‘கரோசல்’ உட்படச் சில பாடல்கள் 1994ஆம் ஆண்டு ‘புத்தா’ டெமோவிலேயே, அதாவது மாதிரிப் பதிவிலேயே, இருந்தவை, சிங்கிளாக, அதாவது தனிப்பாடலாக, வந்த ‘எம் அண்ட் எம்ஸ்’, ‘வேஸ்டிங் டைம்’ இரண்டும் அதில் இல்லை. மெட்டு அமைப்பதில் ஓராண்டுக்குள் இவ்வளவு தேறியவர்களை லேசில் ஒதுக்க முடியாது.

சித்தப்பா: அந்தத் தேர்ச்சி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு, 1997இல் வந்த ‘டூட் ராஞ்ச்’ ஆல்பத்தில் ‘டாமிட்’ பாடலைக் கேள்.

கயல்: இன்றிரவே கேட்கிறேன். அதிலும் டிரம்ஸ் ரேனர்தானே?

சித்தப்பா: அவரேதான். அவருக்குப் பதில் டிரம்ஸ் வாசித்த டிராவிஸ் பார்க்கர் 1998இல்தான் வந்து சேர்ந்தார்.