ரைசோமேனியா: ‘வேர்வெறி நோய்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

சர்க்கரை பீட்ரூட்டைத் தாக்கும் வைரஸ் நோயான ரைசோமேனியாவுக்கு நம் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில் முன்மொழியப்பட்ட ‘வேர்வெறி நோய்’, 1950களில் இத்தாலியில் இந்நோய்க்கு இட்ட பெயரின் நேர்ப்பொருளைத் தருகிறது என்றாலும், கிழங்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருப்பவருக்கு அது எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. அவர் காண்பது, நுனி ஒடுங்கிய கிழங்கையும், ஆணிவேரைச் சுற்றித் தாடியாக அடர்ந்து, பெரும்பகுதி பட்டுப்போன சல்லிவேர்களையும்தான். நெடுக்காக அறுத்தால் நுனிப்பக்கத்துச் சாற்றுக்குழாய்கள் பழுப்பேறியிருக்கும். ஆகவே ‘தாடிவேர் நோய்’ என்பதையே ஆதரிக்கிறேன். முட்டைக்கூடு நூற்புழு தாக்கினாலும் சல்லிவேர் பெருகுமே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் அங்கே வேரில் எலுமிச்சை வடிவ வெண்கூடுகள் ஒட்டியிருக்கும். அப்போதும் ஐயம் தீராவிட்டால், வைரசைக் கண்டறியும் எலைசா என்ற ஆய்வகச் சோதனை இருக்கிறது.

‘மஞ்சள் நரம்புக் கருகல் நச்சுயிரி’ என்பது இந்நோயை உண்டாக்கும் வைரசின் பெயராக மட்டும் நிற்கட்டும். நோய்க்கே அப்பெயரை வைத்தால், வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலை அறிந்த நம் வாசகர் இலையைப் புரட்டிப் பார்த்து, அத்தேமலைப் பரப்பும் வெள்ளை ஈக்கு மருந்தடிப்பதைப் பற்றி யோசிப்பார். பீட்ரூட்டில் நரம்பு மஞ்சளாவது அரிது. வயலில் பெரும்பாலும் தெரிவது தழைச்சத்துக் குறைவைப் போன்ற வெளிறல்தான்.

ரைசோமேனியாவைப் பரப்புவது ஈயன்று, பாலிமிக்சா பீட்டே என்ற மண்வாழ் ஒட்டுண்ணி. பழைய நூல்கள் அதைப் பூஞ்சை என்றன, இன்று அவ்வாறு வகைப்படுத்துவதில்லை. எனவே ‘மண்வழி நோய்க்கடத்தி’ என்பது பாதுகாப்பான சொல். அதன் இருவகை வித்துகளுக்கு (ஸ்போர்களுக்கு) ‘உறங்குவித்து’, ‘நீந்துவித்து’ என்பவற்றைப் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் வயலில் செய்யும் தடுப்பு வேலைகளில் பெரும்பகுதி இவ்விரண்டில் அடங்கியுள்ளது. உறங்குவித்து வைரசைச் சுமந்தபடி 15 ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் கிடப்பதால், பயிர்ச் சுழற்சியால் மட்டும் நோயை ஒழிக்க முடியாது; ஒரு வயலின் மண் டிராக்டர் சக்கரத்தில் ஒட்டி அடுத்த வயலுக்குப் போகாமல் கழுவுவதும் இதனால்தான். நீந்துவித்துக்கு நீரும், ஏறத்தாழ 15 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட மண் வெப்பமும் வேண்டும். ஆகவே மண் குளிர்ந்திருக்கும்போதே விதைப்பதும், வடிகால் அமைப்பதும், பாசனத்தை மிகாமல் அளவோடு வைப்பதும் பயன் தரும்.

இறுதியாக, ‘நோயண்டா ரகம்’ என்ற சொல்லைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டுகிறேன். இந்நோயை எதிர்க்கும் ஆர்இசட்1 மரபணு உள்ள ரகங்களிலும் வைரஸ் குறைந்த அளவில் பெருகவே செய்கிறது. கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் 2000களின் தொடக்கத்திலேயே அந்த எதிர்ப்பை மீறிய வைரஸ் வகைகள் தென்பட்டன. ‘எதிர்ப்புத்திறன் ரகம்’ என்பதே போதும்.