முடக்குவாதம்: மும்பை அனுபவங்கள்

செம்பூர்: அம்மாவுக்கு முடக்குவாதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். ஆனாலும் "வலி மாத்திரை போதும், மெத்தோட்ரெக்சேட் வேண்டவே வேண்டாம்" என்று ஒரே பிடிவாதம். அழற்சியை அடக்கும் மருந்து அது. வலி அடங்கினாலும் அழற்சி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று மருத்துவர் அரை இந்தியில் பொறுமையாக விளக்கினார். நம் உடம்பையே தாக்கக் கிளம்பும் செல்களை அடக்கி வைக்க, எதிர்ப்புச் சக்தியின் வெள்ளை அணுக்களான டி செல்களில் ஒரு வகை காவல் செல்களாக உண்டு. 1995-இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டியவை. 2025 நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். மூட்டில் ஐஎல்-6 என்ற அழற்சிச் சுரப்பு பெருகிக் கிடந்தால், புதிதாகத் தயாராகும் டி செல்களில் பல காவல் பக்கம் போகாமல் டிஎச்17 என்கிற தாக்கும் வகையாகிவிடுமாம். காவல் குறையக் குறைய அழற்சி ஏறும், அது ஏற ஏறக் காவல் இன்னும் குறையும். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அப்போ அந்த வாட்ச்மேனையே வில்லன் ஆள் சேர்த்துக்கிறானா?" அன்றிலிருந்து வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தவறுவதில்லை.

மாட்டுங்கா: அம்மா சரியாகப் பிடித்துவிட்டார்! ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் ஒன்று சேர்க்கிறேன். இந்தக் காவல் செல்கள் எண்ணிக்கையில் குறைந்துவிடும் என்றுதான் எங்களிடம் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் வீங்கிய மூட்டின் நீரில் அவை நிறையவே இருக்கும், வேலைதான் ஓடாது. 2004-இல் லண்டனில் முடக்குவாத நோயாளிகளிடம் பார்த்தபோது, அவர்களுடைய காவல் செல்களால் அழற்சிச் சுரப்புகளை அடக்க முடியவில்லை. டிஎன்எஃப் என்ற அழற்சிச் சுரப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்து கொடுத்த பிறகு அந்தத் திறன் திரும்பியது. அதற்காக டிஎன்எஃப்-ஐ முழுக் கெட்டவனாக்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. டிஎன்எஃப்ஆர்2 என்ற ஏற்பி வழியாக அது இதே காவல் செல்களைப் பெருக்கவும் செய்யும். மூளை, தண்டுவட நரம்புகளை உடம்பே தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயாளிகளுக்கு டிஎன்எஃப்-ஐத் தடுத்துப் பார்த்தபோது நோய் மோசமானது.

தாராவி: என் வீட்டுக்காரருக்கு டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் அந்த வகை ஊசிதான். போடும் முன் காசநோய்ப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். இருமலே இல்லையே, எதற்கு வீண் செலவு என்று எரிச்சலாக இருந்தது. உள்ளே தூங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றிவளைத்து வைத்திருப்பதும் டிஎன்எஃப்தானாம். பாசிட்டிவ் வந்தது. முதலில் அதற்கு மாத்திரை, அப்புறம்தான் ஊசி.

செம்பூர்: ரத்தப் பரிசோதனை மட்டுமா, எக்ஸ்ரேயும் உண்டா அக்கா?

தாராவி: ரெண்டும் எடுத்தாங்க.