முன்பாரம், கொளுவி, மீள்கம்பி: பிக்கப்பில் டிரெய்லர் பூட்டுவதற்கான சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

பிக்கப் வண்டியில் டிரெய்லர் இழுக்கும் கருவிகளைப் பொருத்துவதற்கான தமிழ்க் கையேட்டுக்கு நீங்கள் அனுப்பிய சொற்களை எல்லாம் ஒரே தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். இணைப்பு, இணைப்பி, இணைப்பான், இணைப்புமுனை, இணைப்புக்கருவி. வண்டியின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் இரும்புச் சட்டமும் இணைப்பு, டிரெய்லரின் முனையில் இருக்கும் கவ்வும் இணைப்பு, விளக்குக்கான பிளக்கும் இணைப்பு, வயரை வயரோடு சேர்ப்பதும் இணைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தவறில்லை. ஒரே கையேட்டுக்குள் வரும்போதுதான் சிக்கல்.

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனருக்காக ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதில் "புறப்படும் முன் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்" என்று ஒரு வரி. அவரும் பார்த்தார். பிளக்கை அழுத்திப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டுப் பார்த்தார், எல்லா விளக்கும் எரிந்தது, கிளம்பிவிட்டார். அந்த வரியை எழுதும்போது என் மனதில் இருந்ததோ, வண்டியின் பின்னால் இருக்கும் உருண்டையான இரும்புக் குண்டின்மேல் உட்காரும் டிரெய்லரின் கவ்வு. அதன் தாழ் முழுதாக விழவில்லை. ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் டிரெய்லர் குண்டைவிட்டு எகிறிவிட்டது. சங்கிலிகள் பிடித்துக்கொண்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதியதைத்தான் அவர் செய்தார். சொல் என்னுடையது.

அதனால் என் முதல் வேண்டுகோள்: எடை தாங்கும் இடத்தில் "இணைப்பு" வேண்டாம். அது மின்சாரத்துக்கு மட்டும் இருக்கட்டும். டிரெய்லரை வண்டியோடு சேர்ப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே "பூட்டு" இருக்கிறது. ஏர் பூட்டினான், வண்டி பூட்டினான் என்கிறோம். கழற்றுவதற்கு "அவிழ்". "டிரெய்லரைப் பூட்டியபின் பிளக்கை இணைக்கவும்" என்று எழுதினால் எது இரும்பு வேலை, எது மின்வேலை என்று படிப்பவர் ஒருமுறைகூட யோசிக்க வேண்டியதில்லை.

பிக்கப், டிரெய்லர், பிரேக், ஃபியூஸ், சேசிஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும். பயன்படுத்துகிற எல்லாருக்கும் தெரிந்த சொற்கள் இவை, குழப்பமும் தருவதில்லை. எங்கே சொல் தவறினால் கை தவறுமோ, அங்கே மட்டும் புதுச்சொல் தேடுவோம்.

சரி, வண்டியில் மாட்டி டிரெய்லரைப் பூட்ட உதவும் கருவிக்கு, ஆங்கிலத்தில் ஹிட்ச் என்பதற்கு, என்ன பெயர்? "பூட்டு" என்றே வைக்க முடியாது. அதே கருவிக்குத் திருட்டைத் தடுக்கச் சாவிபோட்ட பூட்டும் விற்கிறார்கள். "பூட்டி" என்றால் கொள்ளுப்பாட்டியும், "கதவைப் பூட்டி" என்ற எச்சமும் குறுக்கே வரும். "நுகம்" என்று ஒருவர் சொன்னார். எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் நுகம் இரண்டு மாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பிடிப்பது. இங்கே ஒன்றின்பின் ஒன்று வருகிறது. "கொக்கி" திறந்த வாய் உடையது. அந்தப் பெயரைக் கேட்டாலே மாட்டிவிட்டால் போதும் என்று தோன்றும், இந்தக் கருவிக்கு அது ஆகாது. நான் "கொளுவி" பக்கம் நிற்கிறேன். கதவைக் கொளுவு, சங்கிலியைக் கொளுவு என்று சொல்லும்போது கோத்து, பிடிபட்டு, நிற்கிற பொருள் வருகிறது.

அதிலிருந்து மற்ற உறுப்புகள் தாமாகவே வருகின்றன. சேசிஸின் இரு பக்கமும் போல்ட் போட்டு முடுக்குவது கொளுவிச்சட்டம். அதன் நடுவில் சதுரமாகத் திறந்திருப்பது கொளுவிக்குழல். அதற்குள் நுழைவது குண்டுத்தண்டு, அதன்மேல் குண்டு. பந்து என்று வேண்டாம் என்பேன். பேரிங்கில் இருப்பதையே குண்டு என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், பந்து என்றால் துள்ளும். குழலையும் தண்டையும் துளைத்துக் குறுக்கே போவது குறுக்காணி. இதற்குக் கடையாணி என்று வந்த பரிந்துரை அழகானதுதான், ஆனால் கடையாணி சக்கரத்தைக் காக்கிற ஆணி, அதன் வேலையைப் பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுக்க வேண்டாம். டிரெய்லர் பக்கத்தில் குண்டை மூடிப் பிடிப்பது கவ்வி. அதன் இரு பக்கமும் காப்புச் சங்கிலி. சங்கிலிகளை ஏர்க்காலின் கீழே ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போடுவார்கள். கவ்வி கழன்றால் ஏர்க்கால் தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும்.

ஏர்க்கால் என்று எழுதிவிட்டேன். டிரெய்லரின் முன்னால் நீண்டு வரும் பகுதிக்கு "நாக்கு" என்று வந்திருந்தது. அது "டங்" என்ற ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருள் மட்டும்தான். வண்டியின் அடியிலிருந்து முன்னே நீண்டு நுகத்தைத் தொடும் மரத்துக்கு ஏர்க்கால் என்று பெயர் இருக்கும்போது நாக்கு எதற்கு?

இப்போது நான் மிகவும் விரும்பும் சொல்லுக்கு வருகிறேன். ஏர்க்கால் முனை குண்டின்மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடைக்கு "நாக்கு எடை", "முனையெடை", "செங்குத்துச் சுமை" என்று மூன்று பரிந்துரைகள் வந்திருந்தன. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்கள் இதை "முன்பாரம்" என்பார்கள். மூட்டைகளை முன்னால் அதிகம் அடுக்கினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானால் நுகம் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். அது பின்பாரம். இரண்டும் இல்லாமல், கொஞ்சம் முன்பாரமாக வண்டி நிற்கவேண்டும்.

டிரெய்லருக்கும் இதே கணக்குதான். வட அமெரிக்க வழக்கில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பார்கள். 2,000 கிலோ டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோ. அதற்குக் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமும் அலையத் தொடங்கும், அந்த அலைவு பிக்கப்பின் பின்பக்கத்தையே பிடித்து ஆட்டும். அதிகமானால் பிக்கப்பின் பின்பக்கம் தாழும், முன்சக்கரத்தில் எடை குறையும், ஸ்டீயரிங் பிடிப்பு தளரும், முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இந்த முன்பாரம் பிக்கப் சுமக்கும் எடையிலும் சேரும். டிரெய்லருடையதுதானே என்று கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். "பாரம்" என்ற சொல்லே, அதை ஒன்று சுமக்கிறது என்று நினைவூட்டும்.

முன்பாரம் நாட்டுப்புறச் சொல், நகரத்தில் வளர்ந்தவருக்குப் புரியாது என்று ஒரு நண்பர் தயங்கினார். மாட்டுவண்டியைத் தொட்டே பார்க்காதவருக்கும் முன், பாரம் இரண்டும் தெரியும். "செங்குத்துச் சுமை" என்றால் எங்கே, எதன்மேல் என்று இன்னொரு வரி எழுதவேண்டும்.

எடை வரம்புக்குத் "தாங்களவு" என்று எழுதலாம். வட அமெரிக்க வகைப்பாட்டில், கொளுவிச்சட்டங்களில் முதல் வகுப்பு 2,000 பவுண்டு டிரெய்லர் வரை, இரண்டாம் வகுப்பு 3,500 பவுண்டு வரை. இவற்றுக்குப் பெரும்பாலும் 1¼ அங்குலக் குழல். மூன்றாம் வகுப்பில் குழல் 2 அங்குலம், அதற்கு ⅝ அங்குலக் குறுக்காணி. சட்டம், தண்டு, குண்டு, கவ்வி, சங்கிலி ஒவ்வொன்றுக்கும் தனித் தாங்களவு உண்டு. பிக்கப்பின் இழுப்பு வரம்பையும் சேர்த்து இவற்றில் எது மிகக் குறைவோ அதுதான் மொத்தத்தின் தாங்களவு. மொழிபெயர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2 அங்குலக் குண்டும் ஐரோப்பாவின் 50 மில்லிமீட்டர் குண்டும் ஒன்றில்லை, 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். அலகு மாற்றும்போது முழு எண்ணாக்கி எழுதினால் தவறான குண்டில் தவறான கவ்வி உட்காரும்.

அப்புறம் வயரிங். பின்விளக்குக்குப் போகும் வயர்த்தொகுதிக்கு "வயர்ச் சேணம்" என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். ஆங்கிலத்தில் குதிரையின் சேணத்துக்கும் வயர்த்தொகுதிக்கும் "ஹார்னஸ்" என்று ஒரே சொல் இருப்பது அந்த மொழியின் தற்செயல். நமக்குக் கற்றை இருக்கிறது. வைக்கோல் கற்றை, ஒளிக்கற்றை போல கம்பிக்கற்றை. பிக்கப் பக்கத்தில் செருகுவாய், டிரெய்லர் பக்கத்தில் செருகி. வளைவில் திரும்பும்போது இழுபடாமலும் தரையில் உரசாமலும் வயரில் விடும் கூடுதல் நீளத்துக்குத் "தொய்வு" என்ற சொல் போதும்.

அதிகம் வாதாட விரும்புவது வெள்ளைக் கம்பிக்காக. பட்டறையில் இதை எர்த் என்பார்கள். பட்டியலில் "நிலத்தொடுப்பு", "புவிக்கம்பி" என்று இருக்கிறது. வீட்டு மின்சாரத்துக்கு அவை சரி, அங்கே உண்மையிலேயே மண்ணில் கம்பி புதைகிறது. ரப்பர் டயரில் நிற்கும் வண்டியில் மின்சாரம் நிலத்துக்குப் போவதில்லை. பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போய், சேசிஸ் வழியாகப் பேட்டரிக்கே மீள்கிறது. எனவே "மீள்கம்பி".

இது வெறும் சொல்லாசை இல்லை. என் முதல் டிரெய்லரில் இடது இண்டிகேட்டர் போட்டால் வலது விளக்கும் மங்கலாக மினுங்கும், பிரேக் மிதித்தால் எல்லாம் சேர்ந்து அணையும். இரண்டு நாள் பல்புகளையும் ஃபியூஸையும் மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், வெள்ளைக் கம்பியைப் பெயிண்டின் மேலேயே திருகி வைத்திருந்தேன். மீளும் வழி அடைபட்டதால் மின்சாரம் பக்கத்து விளக்கின் இழை வழியாக வழி தேடிக்கொண்டிருந்தது. "எல்லாம் எங்கே மீள்கிறது?" என்று அந்தப் பெயரே கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் பெயிண்டைச் சுரண்டியிருப்பேன். குண்டும் கவ்வியும் உலோகம்தானே, அவை வழியாக மீளட்டும் என்று விடுவதும் தவறு. அங்கே மசகும் துருவும் ஆட்டமும் இருக்கும். "மீள்" என்றால் மீள்தன்மையோடு குழம்பாதா என்ற கேள்விக்கு: ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்புவதால்தான் அதுவும் மீள்தன்மை. வேர் ஒன்றே, குழப்பம் வராது.

எல்லா விளக்குக்கும் பிரேக்குக்கும் போன மின்சாரம் இந்த ஒரு கம்பியில் மீள்வதால் இது தடிமனாக இருக்க வேண்டும். இங்கேதான் "கேஜ்" என்பதைத் "தடிமன்" என்று பெயர்த்தவர்களோடு முரண்படுகிறேன். அந்த அளவுமுறையில் எண் குறையக் குறையக் கம்பி பருக்கும். "தடிமன் 16" என்றால் "தடிமன் 10"ஐவிடப் பெரியது என்று எவரும் நினைப்பார், மெல்லிய கம்பியை வாங்கி வருவார். "கம்பி எண் 10" என்று எழுதுவோம்.

நிறத்தை வைத்துப் பெயரிடவும் வேண்டாம். வட அமெரிக்க ஏழுமுனைச் செருகியில் நீலம் மின்பிரேக்குக்குப் போவது. ஐரோப்பிய ஏழுமுனையில் நீலம் பின்பக்கப் பனிமூட்ட விளக்குக்குப் போவது. மஞ்சள் இடது, பச்சை வலது, வெள்ளை மீள்கம்பி என்பது இரண்டிலும் ஒத்துப்போகிறது, அந்தத் தைரியத்தில் நீலத்தையும் நம்பினால் பிரேக் போய்விடும். இடக்குறிக்கம்பி, வலக்குறிக்கம்பி, பின்விளக்குக்கம்பி, பிரேக் கம்பி என்று வேலையால் அழைப்போம், நிறம் அட்டவணையில் தனி வரிசையாக இருக்கட்டும்.

டிரெய்லர் பிரிந்து ஓடினால் ஒரு கயிறு ஆணியை உருவ, டிரெய்லரிலேயே இருக்கும் பேட்டரி பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் சுவிட்சுக்கு "அறுபடு சுவிட்ச்" என்று வந்ததை அப்படியே ஏற்கிறேன். மாடு அறுத்துக்கொண்டு ஓடியது என்று சொல்லிப் பழகிய காதுக்கு விளக்கம் தேவையில்லை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் என்னிடம் நிறைவான சொல் இல்லை. சில பிக்கப்புகளில் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் தனித்தனி. நான்கு கம்பி டிரெய்லரிலோ இரண்டும் ஒரே பல்பில் எரியும். இந்த இரு குறிகளையும் ஒரே கம்பியில் சேர்த்து அனுப்ப நடுவில் ஒரு சிறு பெட்டி வைக்கிறோம். அவற்றில் ஒரு வகை, டிரெய்லர் விளக்குக்கான மின்சாரத்தை ஃபியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொண்டு, பிக்கப்பின் விளக்குச் சுற்றில் பளு ஏறாமல் காக்கும். "மாற்றி" என்றால் மின்மாற்றி நினைவுக்கு வருகிறது. "குறிசேர்ப்பி" என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் பேட்டரியிலிருந்து எடுக்கும் வகைக்கு அது பாதியைத்தான் சொல்கிறது. அடுத்த வாரம் படங்களில் பெயர் பொறிக்கத் தொடங்குகிறோம். அதற்குள் இதைவிடப் பொருத்தமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.